21,000 ரூபாய்க் கோட்டுக்கு மேலே: ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பின் மருத்துவக் காப்பீட்டுக் கணக்கு

"அக்கா, இந்த வருசம் எனக்குச் சம்பளம் ஏத்த வேண்டாமுங்க."

2023 ஏப்ரலில் எங்கள் சி.என்.சி. ஆப்பரேட்டர் ஒருவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று இப்படிச் சொன்னார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யாரோடாவது மனத்தாங்கலோ, வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதோ என்று யோசித்தேன். அப்போது அவர் சம்பளம் 20,400 ரூபாய். 22,000 ஆக்கலாம் என்று நானும் என் கணவரும் பேசி வைத்திருந்தோம். "இருபத்தோராயிரத்தைத் தாண்டுனா ஈ.எஸ்.ஐ. போயிருமுங்க. அம்மாவுக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ், அதுலதான் ஓடிட்டிருக்குது" என்றார்.

ஈ.எஸ்.ஐ. என்பது மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு முதலாளியும் தொழிலாளியும் பங்கு கட்டி, அரசு நடத்துகிற மருத்துவக் காப்பீடு. சம்பளம் கூடினால் ஒருவருடைய அம்மாவின் சிகிச்சை நின்றுபோகும் என்ற நிலைமையை அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தேன். அதற்கு மூன்று வருடம் முன்பிருந்தே நாங்கள் தனியார் குழு மருத்துவக் காப்பீடு எடுத்து வந்தோம். 'ஈ.எஸ்.ஐ. போனால் என்ன, நம் பாலிசி இருக்கிறதே' என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பாலிசி எதைத் தரும், எதைத் தராது என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்துகொள்ள நாங்கள் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போல முப்பது, நாற்பது பேரை வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்குப் பயன்படும்.

கோவை கணபதிப் பக்கம் எங்கள் ஒர்க்‌ஷாப். பம்ப்புக்கும் வால்வுக்கும் பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். மெஷின் பக்கம் என் கணவர் பொறுப்பு. சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., வங்கி, இன்ஷூரன்ஸ் எல்லாம் என் பொறுப்பு. 2020இல் எங்களிடம் 41 பேர். அவர்களில் 27 பேர் ஈ.எஸ்.ஐ.யில் இருந்தார்கள். மீதி 14 பேர் மாதம் 21,000க்கு மேல் வாங்குகிறவர்கள்: புரோகிராமர், சூப்பர்வைசர், குவாலிட்டி பார்க்கிறவர்கள், டர்னர் மாஸ்டர். அந்த 14 பேருக்குக் கம்பெனி பக்கத்திலிருந்து எதுவுமே இல்லாமல்தான் இருந்தது. அவசரம் என்றால் அட்வான்ஸ் கொடுப்போம். எங்கள் தெருவில் முக்கால்வாசி ஒர்க்‌ஷாப்பில் அதுதான் வழக்கம்.

ஈ.எஸ்.ஐ. கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியார் பாலிசியின் விலை அதனோடு ஒப்பிட்டால்தான் புரியும். 2019 ஜூலையில் விகிதத்தைக் குறைத்தார்கள். அன்றிலிருந்து முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். அதற்கு முன் இரண்டும் சேர்ந்து 6.5 ஆக இருந்தது, இப்போது 4. மாதம் 20,000 வாங்குகிற ஒருவருக்கு நாங்கள் கட்டுவது 650 ரூபாய், அவர் கட்டுவது 150. வருடத்துக்கு மொத்தம் 9,600. இந்தப் பணத்துக்கு அவர், மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கிற பெற்றோர் எல்லாருக்கும் சிகிச்சை. இத்தனை லட்சம்தான் என்ற கூரை கிடையாது. புறநோயாளியாகப் போனாலும் மருந்து உண்டு. உடம்பு சரியில்லாமல் வேலைக்கு வர முடியாவிட்டால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கைக்கு வரும். பேறுகாலத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். ஈ.எஸ்.ஐ.யை இளப்பமாகப் பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் என்னால் அப்படிப் பேச முடியாது. இதே 9,600 ரூபாய்க்கு எந்தத் தனியார் நிறுவனமும் இதில் பாதியைக்கூடத் தராது.

குறை எல்லாம் அந்த 21,000 கோட்டில்தான். 2017 ஜனவரியில் 15,000இலிருந்து 21,000 ஆக ஏற்றினார்கள். அதன் பிறகு விலைவாசியும் சம்பளமும் எங்கேயோ போய்விட்டன, கோடு அங்கேயே நிற்கிறது. கொஞ்சம் தேர்ந்த ஆப்பரேட்டர் யாரும் இன்று அதைத் தாண்டாமல் இருக்க முடியாது. வருடா வருடம் எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று பேர் அந்தப் பக்கம் போகிறார்கள். அவர்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வி முழுக்க எங்கள் தலையில் விழுகிறது.

2020இல் நாங்களாக யோசித்து முதல் பாலிசியை எடுக்கவில்லை. ஊரடங்கின்போது ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைகளில், தொழிற்கூடங்களைத் திறப்பதற்கான நிபந்தனைகளோடு தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்ற வரியும் இருந்தது. ஆர்டர் தேங்கிக் கிடந்தது, திறந்தாக வேண்டும். மூன்று கோட்டேஷன் வாங்கினோம்: 1,02,000, 1,31,000, 1,58,000. மூன்றிலும் "குடும்பத்துக்கு 2 லட்சம், முன்பே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்து" என்று போட்டிருந்தது. இரும்பு வாங்குகிற மாதிரிக் குறைந்த விலையைப் பார்த்து வாங்கினேன். ஜி.எஸ்.டி. 18,360 சேர்த்து 1,20,360 ரூபாய். மூன்றாவது பக்கத்தில் இருந்த பட்டியலை நான் படிக்கவில்லை.

2021 பிப்ரவரியில் எங்கள் டர்னர் மாஸ்டருக்குப் பித்தப்பைக் கல். என் கணவருக்கு அப்பா காலத்திலிருந்து பழக்கமானவர், மெஷின் சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிற ஆள். தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், நான்கு நாள் இருந்தார். பில் 1,42,000. நம் பாலிசி 2 லட்சம், முழுக்க வந்துவிடும் என்று நான்தான் அவர் மனைவியிடம் தைரியம் சொல்லியிருந்தேன். கேஷ்லெஸில், அதாவது காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேரே கட்டுகிற முறையில், வந்தது 84,000. மீதி 58,000ஐக் கட்டினால்தான் டிஸ்சார்ஜ் என்று மாலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

காரணம் ரூம் வாடகை. எங்கள் பாலிசியில் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்தான் ஒரு நாள் வாடகைக்கு வரம்பு, அதாவது 2,000 ரூபாய். அவர் இருந்த ரூம் 4,000. நாள் ஒன்றுக்கு 2,000 வீதம் நான்கு நாளைக்கு 8,000 கைவிட்டுப் போகும் என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது வேறு. ரூம் எந்த விகிதத்தில் வரம்பைத் தாண்டுகிறதோ அதே விகிதத்தில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றையும் வெட்டுவார்கள். பெரிய ரூமுக்குப் போனால் ஆஸ்பத்திரியும் அந்த ரூமின் தரத்துக்கு ஏற்றபடி எல்லாவற்றுக்கும் ரேட் போடும் என்பது அவர்கள் நியாயம். அவர் பில்லில் அந்த வகைச் செலவு 80,000. பாதி, 40,000 போனது. ரூம் வாடகை 16,000இல் பாதி, 8,000 போனது. கையுறை, பஞ்சு, அட்மிஷன் கட்டணம் என்று பாலிசியில் சேராத சாமான்கள் 10,000. மருந்தும் டெஸ்ட்டும் மட்டும் முழுசாக வந்தன.

58,000ஐக் கம்பெனி அட்வான்ஸாகக் கொடுத்தோம். அவர் மாதாமாதம் கழித்துக்கொள்ளச் சொன்னார். மூன்று மாதம் கழித்த பிறகு எங்களுக்கு மனசு வரவில்லை, மீதியை விட்டுவிட்டோம். அன்று இரவு பழைய கோட்டேஷன்களை எடுத்து வரி வரியாகப் படித்தேன். 1,31,000 கேட்டவர்கள் ரூம் வாடகைக்கு 5,000 வரை கொடுத்திருந்தார்கள், பேறுகாலமும் சேர்த்திருந்தார்கள். 29,000 மிச்சம் பிடித்தேன் என்று பெருமைப்பட்ட இடத்தில் ஒரே ஆபரேஷனில் அதைப்போல இரண்டு மடங்கு போய்விட்டது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கோட்டேஷன் வந்ததும் பிரீமியத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் பழைய ஆஸ்பத்திரி பில் இரண்டு மூன்றை எடுத்து, இந்தப் பாலிசி இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும், ஆள் கையிலிருந்து எவ்வளவு போயிருக்கும் என்று போட்டுப் பார்க்கிறேன். அரை மணி நேர வேலைதான். நம் ஆட்கள் போகிற ஆஸ்பத்திரிகளில் சாதாரண தனி ரூம் வாடகை என்ன என்பதையும் போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆட்கள் அன்னூர், சூலூர், கிணத்துக்கடவிலிருந்து வருகிறவர்கள். கேஷ்லெஸ் கிடைக்கிற ஆஸ்பத்திரிகளின் நெட்வொர்க் பட்டியலில் கோவை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள் மட்டும் இருந்தால் ராத்திரி நெஞ்சுவலிக்கு அது உதவாது. ஊர் ஊராகப் பெயரை டிக் அடித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

முதல் வருடப் பாலிசி மே மாதம் முடிகிற நேரத்தில் கொரோனா இரண்டாவது அலை. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இருவரும் பிழைத்து வந்தது எங்கள் அதிர்ஷ்டம். கிளெய்ம் 1,36,000, 1,18,000. மாஸ்டரின் 84,000 சேர்த்து மொத்தம் 3,38,000. நாங்கள் கட்டியிருந்தது, வரி போக, 1,02,000. ரெனியூவலுக்கு 2,40,000 கேட்டார்கள்.

கோபம் வந்தது என்பது உண்மை. ஆனால் அவர்கள் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டபோது புரிந்தது. வருடத்தில் வந்த கிளெய்மை எடுக்கிறார்கள். பாலிசி முடிய மாதங்கள் இருந்தால் பன்னிரண்டு மாதத்துக்கு விரித்துப் பார்க்கிறார்கள். நடந்து முடிந்து இன்னும் பில் வராத கேஸ்களுக்கு ஒரு தொகை, ஆஸ்பத்திரி ரேட் ஏறுவதற்கு ஒரு தொகை, அவர்கள் ஆபீஸ் செலவுக்கும் புரோக்கர் தரகுக்கும் ஒரு தொகை கூட்டுகிறார்கள். ஐயாயிரம் பேர் இருக்கிற கம்பெனியில் இரண்டு ஹார்ட் ஆபரேஷன் கண்ணுக்கே தெரியாது. 14 குடும்பம் இருக்கிற எங்களுக்கு ஒரு ஆபரேஷன் வந்தாலே கணக்கு தலைகீழாகும். அதனால் முதல் வருட விலையை நம்பி அடுத்த வருட பட்ஜெட் போடக் கூடாது. அது கதவைத் திறக்க வைக்கிற விலை. நான் இப்போதெல்லாம் மூன்று வருடச் சராசரியை வைத்து, வருடத்துக்கு 15 சதவீதம் ஏறும் என்று போட்டுத்தான் ஒரு ஜாப்புக்கு மணிக்கு எவ்வளவு என்று ரேட் சொல்கிறேன். கரண்ட் பில்லும் டூல் செலவும் எப்படி ரேட்டில் ஏறுகிறதோ அப்படித்தான் இதுவும் ஏற வேண்டும்.

வேறு நிறுவனங்களிடம் கேட்கலாம் என்றால், எல்லாரும் முதலில் கேட்பது கிளெய்ம் விவரத்தைத்தான். அது நம் கையில் இருக்காது, நிறுவனத்திடமோ, நடுவில் கிளெய்மைக் கவனிக்கிற டி.பி.ஏ.விடமோ இருக்கும். நாங்கள் பாலிசி முடிய பத்து நாள் இருக்கும்போது கேட்டோம், வந்து சேர ஆறு நாள் ஆனது. மீதி நான்கு நாளில் யாரிடம் பேரம் பேச முடியும்? இப்போது இரண்டு மாதம் முன்பே வாங்கி வைத்துவிடுகிறேன், எக்ஸெல் ஷீட்டாக, கேஸ் வாரியாக. அந்த வருடம் ஓட்டமாய் ஓடிக் கடைசியில் 3 லட்சம் பாலிசியை, ரூம் வாடகை 5,000 வரை, 1,96,000க்கு முடித்தோம். புரோக்கரையும் மாற்றினோம். பழையவர் கோட்டேஷனை ஃபார்வர்டு செய்வதோடு சரி. புதியவர் ஆபீசில் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் எடுக்க ஒரு பெண் இருக்கிறார். தரகு இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த நேரத்தில் என் கணவர் ஒரு கேள்வி கேட்டார். "இத்தனை தொல்லைக்கு, ஆளுக்கு மாசம் ஆயிரத்து ஐந்நூறு சேத்துக் கொடுத்துட்டா அவங்களே பாலிசி எடுத்துக்குவாங்கல்ல?" நியாயமான கேள்வி, இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசினோம். எங்கள் 14 பேரில் ஐந்து பேருக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்தது. தனியாகப் பாலிசி எடுத்தால் முன்பே இருக்கும் நோய்க்கு அப்போது நான்கு வருடம் வரை காத்திருப்பு வைக்கலாம், 2024 ஏப்ரலிலிருந்து அதை மூன்று வருடமாகக் குறைத்திருக்கிறார்கள். குழுப் பாலிசியில் முதல் நாளிலிருந்தே உண்டு. அதோடு, பணமாகக் கொடுத்தால் அது சம்பளம், வரி உள்ளவருக்கு வரி பிடிக்க வேண்டும். கம்பெனி கட்டுகிற பிரீமியம் தொழிலாளியின் வருமானத்தில் சேராது, எங்களுக்குத் தொழில் செலவு, ரொக்கமாகக் கட்டாத வரையில். இவை எல்லாவற்றையும்விட, ஜூன் மாதம் வருகிற ஸ்கூல் ஃபீஸ் அந்த ஆயிரத்து ஐந்நூறை விட்டு வைக்காது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படி நடந்திருக்கிறது. பாலிசியைத் தொடர்ந்தோம்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் வாங்குகிற இரும்புக்கும் டூலுக்கும் கட்டுகிற வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். மருத்துவக் காப்பீட்டின் வரியை அப்படி எடுக்க முடியாது, சட்டப்படி முதலாளி கொடுத்தே ஆக வேண்டிய காப்பீடாக இருந்தாலொழிய. எங்கள் ஆடிட்டர் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆக, 18 சதவீதமும் முழுக்க எங்கள் செலவு. 2025 செப்டம்பர் 22 முதல் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று செய்தி வந்ததும் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் எனக்குப் போன் செய்து வாழ்த்தே சொன்னார். அது தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு மட்டும். கம்பெனி எடுக்கிற குழுப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. பெரிய கம்பெனிக்கு இது ஒரு பொருட்டில்லை. எங்களுக்கு அது ஒரு ஹெல்பரின் இரண்டு மூன்று மாதச் சம்பளம். சிறு தொழில்களுக்காவது இதை எடுத்துவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பாடம் கற்பித்தது பெற்றோர் காப்பீடுதான். 2022இல் 17 குடும்பம் ஆகியிருந்தோம். எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பா அம்மாவைச் சேர்க்க முடியுங்களா?" முப்பது வயது ஆளுக்குத் தன் உடம்பைப் பற்றிப் பயம் இல்லை, அப்பாவின் நெஞ்சைப் பற்றித்தான் பயம். ஒரு ஜோடிப் பெற்றோருக்கு 24,000 என்றார்கள். கம்பெனியால் தாங்காது என்று, விரும்புகிறவர்கள் சொந்தப் பணம் கட்டிச் சேரலாம் என்று அறிவித்தேன். ஐந்து பேர் சேர்ந்தார்கள். யார் சேர்ந்திருப்பார்கள்? யார் வீட்டில் நோய் இருக்கிறதோ அவர்கள்தான். அந்த ஒரு வருடத்தில் இரண்டு கண் புரை ஆபரேஷன், ஒரு மூட்டு மாற்று, ஒரு ஸ்டென்ட். கட்டியது 1,20,000, கிளெய்ம் 4,60,000. அடுத்த வருடம் ஒரு ஜோடிக்கு 58,000 கேட்டார்கள். ஐந்து பேராலும் கட்ட முடியாது.

நோய் இருக்கிறவர்கள் மட்டும் சேர்ந்தால் அது காப்பீடு ஆகாது, பில்லை முன்கூட்டியே கட்டுவதுதான். நம் ஊரில் மொய் எழுதுகிற முறை எப்படி நிற்கிறது? கல்யாணம் வைத்திருக்கிறவன் மட்டும் எழுதினால் நிற்குமா? 2023 மே மாதம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினேன். பெற்றோர் இருக்கிற எல்லாரும் சேர்ந்தால், காப்பீட்டுத் தொகையை 2 லட்சமாக வைத்து, ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் நாம் கட்டுவதாக ஒப்புக்கொண்டு, கண் ஆபரேஷனுக்கு ஒரு கண்ணுக்கு 30,000 என்று வரம்பு வைத்தால், ஒரு ஜோடிக்கு 21,000. பாதியைக் கம்பெனி போடும். இளம் புரோகிராமர் ஒருவர் எழுந்து, "எங்கப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க, நான் எதுக்குங்க கட்டணும்?" என்று கேட்டார். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மாஸ்டர் சொன்னார்: "இன்னைக்கு ஒண்ணுமில்ல சாமி. எனக்குந்தான் அந்தக் கல்லு வர்ற வரைக்கும் ஒண்ணுமில்லாம இருந்துச்சு." எல்லாரும் சேர்ந்தார்கள். அந்தப் பையனின் அப்பாவுக்கு இன்றுவரை ஒன்றும் இல்லை, இருக்கவும் வேண்டாம். அடுத்த வருட ஏற்றம் 12 சதவீதத்தோடு நின்றது.

இதில் இன்னொன்று. எங்கள் குவாலிட்டி பிரிவில் இருக்கிற பெண் யாரைச் சேர்ப்பது என்று கேட்டார். பெற்ற அப்பா அம்மா, இல்லையென்றால் மாமனார் மாமியார், ஏதாவது ஒரு ஜோடிதான், கலந்து போட முடியாது. அவர் தன் அப்பா அம்மாவைப் போட்டார், வீட்டில் பேச்சு வந்தது, அவர் கணவர் என்னிடம் வந்து மாற்றித் தரச் சொன்னார். வேலை செய்கிறவர் உங்கள் மனைவி, பாதிப் பணம் கட்டுகிறவரும் அவர்தான், அவர் சொல்லாமல் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். பெண்கள் வேலை செய்கிற இடங்களில் இந்தப் படிவத்தை அவர்கள் கையில் நேரே கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றையும் எழுத வேண்டும். நடுவில் வேலைக்குச் சேருகிறவர்களை அந்தத் தேதியிலிருந்து பாலிசியில் சேர்க்கலாம். மீதி இருக்கிற நாளுக்கு மட்டும் பிரீமியம். அதற்காக நிறுவனத்திடம் சி.டி. அக்கவுன்ட் என்று ஒன்றில் நம் பணம் கொஞ்சம் முன்பணமாகக் கிடக்கும், ஆள் சேரச் சேர அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். 2022 நவம்பரில் ஒரு சூப்பர்வைசர் சேர்ந்தார். பெயரை மெயிலில் அனுப்பினேன், வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அக்கவுன்டில் பணம் தீர்ந்துபோயிருந்தது. மூன்றாவது வாரம் அவர் மகனுக்கு டெங்கு, ஐ.சி.யூ. கார்டு நம்பரைக் கேட்டால், பட்டியலில் அவர் பெயரே இல்லை. 61,000 ரூபாய் பில்லை நாங்கள்தான் கட்டினோம், கட்ட வேண்டியவர்களும் நாங்கள்தான். அந்தக் குழந்தை ஐ.சி.யூ.வில் இருந்த இரண்டு இரவும் நான் தூங்கவில்லை. இப்போது மாதம் முதல் தேதி சம்பளப் பட்டியலையும் பாலிசிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராகச் சரிபார்க்கிறேன், அக்கவுன்ட் இருப்பையும் கேட்கிறேன். குழந்தை பிறந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர்களின் பெயரை எடுத்தால், கிளெய்ம் வாங்காதவராக இருந்தால், மீதி நாளுக்குப் பணம் திரும்பி வரும். அதையும் பல ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுகிறார்கள்.

டைம் ஆபீஸ் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். டி.பி.ஏ. நம்பர், புரோக்கர் நம்பர், என் நம்பர். கீழே ஒரு வரி: கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் போட்ட உத்தரவு அது. ஆஸ்பத்திரி கவுன்டரில் நிற்கிறவருக்கு இந்த ஒரு வரி பெரிய தெம்பு.

அந்த ஆப்பரேட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் பெற்றோர் காப்பீட்டில் சேர்த்தால் என்ன ஆகும் என்று அவரையே பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுப் பார்த்தோம். டயாலிசிஸ் ஒரு தடவைக்கு 2,000 என்று வைத்தாலும் வருடத்துக்கு 104 தடவை, 2,08,000. இருப்பதே 2 லட்சம், அதிலும் 20 சதவீதம் அவர் கையிலிருந்து. வருட முடிவில் ஒன்றும் மிஞ்சாது, அம்மாவுக்கு வேறு ஏதாவது வந்தால் பாலிசியே இருக்காது. அவர் சொன்னதுதான் சரி. அவர் ஈ.எஸ்.ஐ.யில் இருக்க வேண்டியவர்.

ஆடிட்டரிடம் கேட்டோம். இரண்டு மாதத்துக்கும் மேற்பட்ட இடைவெளியில் கொடுக்கும் ஊக்கத்தொகை அப்போதைய ஈ.எஸ்.ஐ. சட்டப்படி சம்பளத்தில் சேராது என்றார். மாதச் சம்பளத்தை அப்படியே வைத்து, ஏற்ற நினைத்த 1,600ஐ ஆறு மாதத்துக்குச் சேர்த்து, 9,600 ரூபாயாக வருடத்துக்கு இரண்டு தடவை உற்பத்தி ஊக்கத்தொகையாகக் கொடுத்தோம். அவர் எழுத்து மூலமாகக் கேட்டார், நாங்கள் ஒப்புக்கொண்டோம். இதைப் படித்துவிட்டு அப்படியே செய்துவிட வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன, சம்பளம் என்பதற்கு விளக்கமே மாறியிருக்கிறது. உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

கோட்டைத் தாண்டியே ஆக வேண்டிய மற்றவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஏப்ரல் முதல் தேதியே சம்பளம் ஏற்றினால் அன்றே வெளியே. மே மாதம் ஏற்றினால் செப்டம்பர் முடியும் வரை ஈ.எஸ்.ஐ. தொடரும். அதனால் எங்கள் இன்க்ரிமென்ட் இப்போது மே மாதம். அக்டோபர் முதல் தேதி அவர்கள் பெயர் குழுப் பாலிசியில் ஏறிவிடும். நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி விழாது.

போன டிசம்பரில் மாஸ்டர் ஓய்வு பெற்றார், 58 வயது. கம்பெனி பாலிசி இருக்கிறதே என்று இத்தனை வருடமும் தனியாக எதுவும் எடுக்கவில்லை. வேலை முடிகிற அன்று அதுவும் முடிந்துவிடும். இரண்டு வருடமாக அவருக்குச் சர்க்கரை வேறு. இதை நான் ஐந்து வருடம் முன்பே எல்லாரிடமும் சொல்லியிருக்க வேண்டும்: கம்பெனி பாலிசி வேலை இருக்கிற வரைதான், சொந்தமாகச் சின்னதாக ஒன்று இருக்கட்டும் என்று. இப்போது வேலைக்குச் சேருகிற அன்றே சொல்கிறேன், முப்பது வயதில் அதற்குப் பணம் கொஞ்சம்தான் ஆகும். மாஸ்டருக்கு அது தாமதம். ஆனால் குழுப் பாலிசியிலிருந்து வெளியே போகிறவர் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறலாம், இங்கே இருந்த வருடங்களைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்வார்கள். வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். அக்டோபரிலேயே எழுதிக் கொடுத்தோம். ரத்தப் பரிசோதனை கேட்டார்கள், இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள், கடைசியில் கணவன் மனைவி இருவருக்கும் 5 லட்சம், வருடத்துக்கு 41,000 என்று ஒப்புக்கொண்டார்கள். தனிநபர் பாலிசி என்பதால் அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பணத்தை மகன் கட்டினான்.

பாலிசி வந்த அன்று மாஸ்டர் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்து வந்தார். டீ சொன்னேன், குடிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"இதுல ரூம் வாடகைக்கு என்ன போட்டிருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்கம்மணி."